வெப்பம் வைத்திருக்கும் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து பதில் எழுத வேண்டும் என்ற நினைப்பாகவே இருக்கிறேன். "மற்றவர்களுக்கெல்லாம் நியூட்ரான் வேலை, எனக்கு மட்டும் வெப்பக் கொள்ளளவு" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி மனதைவிட்டுப் போகவில்லை. உன்னோடு சேர்ந்தவர்கள் கிரெனோபிளுக்குப் போய், நியூட்ரான் கற்றையில் படிகத்தை வைத்து, வண்ண வண்ணப் படங்களோடு திரும்பி வருகிறார்கள். உனக்கு வாய்த்தது சில மில்லிகிராம் படிகத் துணுக்கு, ஒரு ஹீட்டர், ஒரு வெப்பமானி, சுற்றிலும் காந்தச் சுருள். இரவு முழுக்க அளந்தால் காலையில் ஒற்றை வளைகோடு. உன் அப்பா போனில், "பிள்ளை சோர்ந்துபோய் இருக்கா, நீயாவது நாலு வார்த்தை எழுதும்மா" என்றார்.

உன்னைத் தேற்றுவதற்காக இதை எழுதவில்லை. தேற்றும்படி உனக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. உன் துறையில் இருப்பதிலேயே ஆழமான அளவீட்டை உன் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். என் உத்தியோக காலம் முழுதும் குறைந்த வெப்பநிலையில் வெப்பத்தை அளப்பதிலேயே போனது. அதில் எனக்குக் கிடைத்த நிச்சயம் ஒன்று உண்டு: ஒரு காந்தப் பொருள் தனக்குள் எதை ஒளித்து வைத்திருந்தாலும், வெப்பக் கணக்கில் அது அகப்பட்டே தீரும்.

நீ செய்வது என்ன என்று நிதானமாக யோசித்துப் பார். படிகத்துக்குத் தெரிந்த அளவு வெப்பத்தைக் கொடுக்கிறாய். வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறாய். கொடுத்ததை ஏறியதால் வகுத்தால் வெப்பக் கொள்ளளவு. அதை அந்தந்த வெப்பநிலையால் வகுத்து, அடியிலிருந்து மேலே கூட்டிக்கொண்டே வந்தால் என்ட்ரோபி. என்ட்ரோபி என்றால் எண்ணிக்கை. உள்ளே இருக்கும் காந்தத் திருப்புத்திறன்கள் எத்தனை விதமாக நிற்க முடியுமோ, அந்த எண்ணிக்கையின் மடக்கை. நியூட்ரான் கற்றை நீ கேட்ட கோணத்தில், நீ கேட்ட ஆற்றலில் பதில் சொல்லும்; அழகான பதிலாகவும் இருக்கும். வெப்பம் அப்படித் தேர்ந்தெடுக்காது. ஒழுங்கோ குழப்பமோ, எல்லாரும் அறிந்த நிலையோ இன்னும் யாரும் பெயர் வைக்காத நிலையோ, ஆற்றலை வாங்கிக்கொள்ளக்கூடிய அத்தனையும் உன் வளைகோட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அந்தக் கணக்கு எங்காவது இடித்தால், பொருளுக்குள் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

உன் துறைக்கு வித்திட்டதே அப்படி இடித்த ஒரு கணக்குதான். 1930களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் ஜியோக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நீராவியின் என்ட்ரோபியை இரண்டு வழியில் பெறலாம். மூலக்கூறின் நிறமாலையிலிருந்து கணக்கிடுவது ஒரு வழி. பனிக்கட்டியை மிகக் குளிர்ந்த நிலையிலிருந்து சூடாக்கி, உருக்கி, ஆவியாக்கி, போகிற வழியில் அது வாங்கிய வெப்பத்தையெல்லாம் கூட்டுவது இன்னொரு வழி. இரண்டும் பொருந்த வேண்டும், பொருந்தவில்லை. வெப்ப வழியில் பெற்ற தொகை குறைவாக இருந்தது. 1935-ல் லைனஸ் பாலிங் காரணம் சொன்னார். பனிக்கட்டியில் ஒவ்வொரு ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு ஹைட்ரஜன்கள் உண்டு. அவற்றில் இரண்டு பக்கத்தில், இரண்டு தள்ளி. விதி அவ்வளவுதான். எந்த இரண்டு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விதி சொல்வதில்லை. அதனால் எண்ணற்ற அமைப்புகளுக்கு ஏறத்தாழ ஒரே ஆற்றல். குளிர்விக்கும்போது பனிக்கட்டி அவற்றில் ஒன்றில் மாட்டிக்கொண்டு உறைந்து விடுகிறது. ஒழுங்குக்கு வருவதே இல்லை. அந்தக் குழப்பத்துக்குரிய என்ட்ரோபி ஒரு மோலுக்கு 3.37 ஜூல் பெர் கெல்வின் என்று பாலிங் காகிதத்தில் கணக்கிட்டார். 1936-ல் ஜியோக்கும் ஸ்டவுட்டும் வெளியிட்ட அளவீட்டில் காணாமல் போயிருந்தது சுமார் 3.4. எந்த எக்ஸ்ரே படமும் காட்டாத ஒன்றை ஒரு ஹீட்டரும் வெப்பமானியும் காட்டின.

இனி காந்தத்துக்கு வருவோம். ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் மூன்று காந்தத் திருப்புத்திறன்கள். ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே மட்டும் பார்க்கலாம். எந்த இரண்டை எடுத்தாலும் அவை எதிரெதிராக நிற்க விரும்புகின்றன. முதலிரண்டும் எதிரெதிராக நின்றுவிட்டன என்றால் மூன்றாவது என்ன செய்யும்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவரோடு முரண். மொத்தம் எட்டு அமைப்புகள். அவற்றில் ஆறுக்கு ஒரே மிகக்குறைந்த ஆற்றல். இப்படிப்பட்ட முக்கோணங்களை ஒரு தளம் முழுக்க அடுக்கினால் சுழி கெல்வினிலும் என்ட்ரோபி மிஞ்சும் என்று 1950-ல் வானியர் கணக்கிட்டுக் காட்டினார். பின்னாளில் இவற்றுக்கு ஃப்ரஸ்ட்ரேட்டட் காந்தங்கள் என்ற பெயர் நிலைத்தது. நான் திண்டாடும் காந்தங்கள் என்று எழுதுகிறேன், உனக்குப் புரியும். சாதாரணக் காந்தம் குளிர்ந்தால் ஏதோ ஒரு வெப்பநிலையில் ஒழுங்குக்கு வந்துவிடும், வெப்பக் கொள்ளளவில் ஒரு கூர்முனை எழும், கதை முடிந்தது. திண்டாடும் காந்தத்தில் அந்த முடிவு வருவதில்லை. திருப்புத்திறன்கள் ஒன்றையொன்று பலமாக இழுத்துக்கொண்டே, எதையும் தீர்மானிக்காமல், மிகக் கீழான வெப்பநிலை வரை போகின்றன.

உன் கையில் இருக்கும் டிஸ்ப்ரோசியம் டைட்டனேட் இதில் ஒரு அற்புதம். பைரோகுளோர் அமைப்பில் டிஸ்ப்ரோசியம் அயனிகள் முனை தொட்டு இணைந்த நான்முகிகளின் முனைகளில் உட்கார்ந்திருக்கின்றன. படிகத்தின் மின்புலம் ஒவ்வொரு திருப்புத்திறனையும் நான்முகியின் மையத்தை நோக்கியோ அதற்கு எதிராகவோ மட்டும் நிற்க விடுகிறது. ஒரு நான்முகிக்கு 16 அமைப்புகள்; அவற்றில் இரண்டு உள்நோக்கி, இரண்டு வெளிநோக்கி நிற்கும் ஆறு மட்டுமே குறைந்த ஆற்றலுடையவை. பனிக்கட்டியின் அதே விதி! இதன் உடன்பிறப்பான ஹோல்மியம் டைட்டனேட்டில் இந்த உறவை 1997-ல் ஹாரிசும் பிராம்வெல்லும் அவர்களுடைய கூட்டாளிகளும் எடுத்துச் சொன்னார்கள். ஸ்பின் ஐஸ், அதாவது திருப்புத்திறன்களின் பனிக்கட்டி, என்ற பெயர் வந்தது அப்போதுதான்.

ஆனால் விதி ஒன்றுதான் என்று உறுதிசெய்தது வெப்பம். பெல் ஆய்வகத்தின் ராமிரெஸ் முதன்மை ஆசிரியராக 1999-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையை நீ படித்திருப்பாய். ஒவ்வொரு திருப்புத்திறனுக்கும் இரண்டு நிலைகள் என்றால், வாயு மாறிலியை 2-ன் இயல்மடக்கையால் பெருக்கி, ஒரு மோல் டிஸ்ப்ரோசியத்துக்கு 5.76 ஜூல் பெர் கெல்வின் கிடைக்க வேண்டும். 0.2 கெல்வினிலிருந்து 12 கெல்வின் வரை கூட்டியபோது வந்தது 3.9 மட்டுமே. குறைவது சுமார் 1.86. பாலிங் கணக்கைக் காந்தத்துக்கு மாற்றினால் மிஞ்ச வேண்டியது 1.69. அதை நீயே இப்போது ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்: ஒரு நான்முகிக்கு இரண்டு திருப்புத்திறன்கள் என்ற கணக்கில் நான்கு அமைப்புகள், அதை 16-ல் 6 என்ற பங்கால் பெருக்கினால் ஒன்றரை. ஒன்றரையின் மடக்கைதான் ஒரு நான்முகியின் மீதம்; ஒரு திருப்புத்திறனுக்கு அதில் பாதி. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ராகுல் சித்தார்த்தனும் ஸ்ரீராம் சாஸ்திரியும் இருப்பதைக் கவனித்தாயா? இருவரும் அன்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தோடு இணைந்து வேலை செய்தவர்கள். சித்தார்த்தன் பிறகு சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்து உயிரியல் பக்கம் திரும்பினார். நம் ஊர்ப் பக்கத்திலிருந்தும் இந்தக் கணக்கில் ஒரு கை இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இப்போது காந்தப்புலத்தைப் பற்றி. ஒரே வளைகோட்டை வேறு வேறு புலங்களில் திரும்பத் திரும்ப எடுப்பது அலுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சற்று யோசித்துப் பார், புலம் இல்லாவிட்டால் நீ படிகத்திடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும். புலம் வந்ததும் கேள்விகள் பெருகுகின்றன. குறைந்த ஆற்றலில் சமமாக நிற்கும் எண்ணற்ற அமைப்புகளில் சிலவற்றைப் புலம் தேர்ந்தெடுத்து, அவற்றின் ஆற்றலை மேலும் தாழ்த்துகிறது. ராமிரெஸ் குழு புலம் கொடுத்து அளந்தபோது, சுழிப் புலத்தில் காணாமல் போயிருந்த என்ட்ரோபியில் பெரும்பகுதி திரும்பி வந்தது. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா? புலம் திண்டாட்டத்தை முடித்து வைத்தால் அடியில் மீதம் இருக்காது. மேலே கூட்டும்போது தொகை முழுதாகும். புலம் உள்ள கணக்கையும் இல்லாத கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் மீதம் உண்மையென்று நிற்கும்.

புலத்தின் திசையை மாற்றும்போது இன்னும் அழகு கூடுகிறது. படிகத்தின் கனசதுர அலகில் விளிம்பை ஒட்டி, 100 திசையில் புலம் கொடுத்தால் ஒவ்வொரு நான்முகியிலும் அந்த ஆறில் ஒன்று மட்டும் ஜெயிக்கிறது, மீதம் துடைத்தெறியப்படுகிறது. மூலைவிட்டத்தை ஒட்டி, 111 திசையில் கொடுத்தால் நான்கில் ஒரு திருப்புத்திறன் மட்டும் புலத்தோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. மற்ற மூன்றும் இரண்டு உள்ளே இரண்டு வெளியே என்ற விதியை இன்னும் காப்பாற்றிக்கொண்டு, தங்களுக்குள் திண்டாடுகின்றன. அவை சேர்ந்து முக்கோணங்கள் பின்னிய ககோமே தளங்களாகின்றன. காந்தமாக்கம் ஒரு அயனிக்கு 3.3 போர் மேக்னட்டானில் சமதளமாக நிற்கிறது. என்ட்ரோபி குறைகிறது, ஆனால் சுழியாவதில்லை, மோலுக்கு 0.67 ஜூல் பெர் கெல்வின் மிஞ்ச வேண்டும் என்று கோட்பாடு சொல்கிறது. ஜப்பானிய குழுக்கள் 2002-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை வெப்பத்தாலேயே தொட்டுப் பார்த்தன.

புலத்தை இன்னும் ஏற்றி ஒரு டெஸ்லாவை நெருங்கும்போது விதி உடைகிறது. மூன்று உள்ளே ஒன்று வெளியே, அல்லது அதன் மறுதலை. காந்தமாக்கம் 5 போர் மேக்னட்டானுக்குத் தாவுகிறது. 2003-ல் சகாகிபாரா குழு கண்டது இது: சுமார் 0.36 கெல்வினுக்குக் கீழே இந்தத் தாவல் திடீரென்று நிகழ்கிறது. அதற்கு மேலே மெதுவாக வழிகிறது. நீர் ஆவியாவதில் ஒரு மாறுநிலைப் புள்ளி இருப்பதுபோல இங்கும் ஒன்று இருக்கிறது. திடமான ஒரு படிகத்துக்குள், ஒரு சமச்சீரும் உடையாமல், திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையிலான மாற்றம் போன்ற ஒன்று எப்படி வரும்? 2008-ல் காஸ்டெல்நோவோ, மோஸ்னர், சோந்தி மூவரும் விடை சொன்னார்கள். விதி உடைந்த ஒவ்வொரு நான்முகியும் ஒரு காந்த ஒற்றைமுனையைப் போல நடந்துகொள்கிறது. ஒற்றைமுனைகள் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் ஒரு வாயுவாகத் திரிகின்றன. புலத்தை ஏற்றினால் அடர்ந்து திரவமாகின்றன. டிராக் 1931-ல் அடிப்படைத் துகளாகக் கற்பனை செய்த ஒற்றைமுனையை இன்னும் யாரும் பிடிக்கவில்லை. இந்தப் படிகத்துக்குள் அதன் சாயலில் திரியும் கூட்டத்தின் ஆவியாதல் வெப்பத்தைக்கூட உன் கருவியால் அளக்கலாம். உனக்கு வெறும் வளைகோடாகத் தெரிவதில் இத்தனையும் இருக்கிறது, கண்ணு.

வெப்பம் எதையும் விட்டுவைக்காது என்றேன் அல்லவா? அதனாலேயே நீ கேட்காததையும் அது சொல்லும். அங்கேதான் உன் திறமைக்கு வேலை. ஹோல்மியம் டைட்டனேட்டை எடுத்துக்கொள். ஹோல்மியத்தின் அணுக்கருவுக்கு எட்டு நிலைகள். பக்கத்திலுள்ள எலக்ட்ரான் திருப்புத்திறன் அந்த எட்டையும் பிரித்து வைக்கிறது. 0.3 கெல்வினை ஒட்டி அணுக்கருவின் பெரிய மேடு ஒன்று எழுகிறது. அதன் முழுத் தொகை மோலுக்கு 17.3, ஸ்பின் கணக்கின் 5.76-ஐ அது மூழ்கடித்துவிடும். டிஸ்ப்ரோசியத்தில் தொல்லை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 161, 163 ஐசோடோப்புகளுக்கு அணுக்கரு ஸ்பின் உண்டு. 162-க்கும் 164-க்கும் கிடையாது. உன் படிகம் இயற்கையான கலவையா, ஒரே ஐசோடோப்பைச் செறிவாக்கியதா என்று வளர்த்துக் கொடுத்தவர்களிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்.

அணுக்கருவைவிடக் கடினமான எதிராளி நேரம். 0.5 கெல்வினுக்குக் கீழே ஸ்பின்கள் அசையச் சோம்பல்படும். நீ ஒரு துடிப்பு வெப்பம் கொடுத்து, வெப்பநிலை இறங்குவதைப் பார்த்து, அந்த நேரத்திலிருந்து கொள்ளளவை எடுக்கிறாய். ஸ்பின்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொள்வதற்கு முன்பே நீ அளந்து முடித்துவிட்டால், இருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும். இதை வைத்துப் பெரிய வழக்கே நடந்தது. 2013-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகக் குழு, சமநிலை வரும்வரை மிக நீண்ட நேரம் காத்திருந்து டிஸ்ப்ரோசியம் டைட்டனேட்டை அளந்தது. 0.5 கெல்வினுக்குக் கீழே கொள்ளளவு மறுபடி ஏறியது; பாலிங் மீதம் நிலைக்கவில்லை என்று அவர்கள் அறிவித்தார்கள். துறையே அதிர்ந்தது. 2018-ல் இன்னொரு குழு ஐசோடோப்பு செறிவாக்கிய படிகங்களை எடுத்துக்கொண்டு, வெப்பக் கொள்ளளவையும் நியூட்ரானையும் சேர்த்து, நீண்ட காலம் பொறுத்திருந்து பார்த்தது. 0.35 கெல்வினில் பத்து லட்சம் விநாடி, அதாவது பதினொரு நாளுக்கு மேல். ஸ்பின் என்ட்ரோபி குறைந்ததற்கு அடையாளமே இல்லை. அணுக்கருவின் பங்கைக் கவனமாகக் கழித்துப் பார்த்தால், 1999-ன் விரைவான அளவீடு சாராம்சத்தில் சரிதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதில் இரண்டு பிசகுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டிருந்தன. வெப்பமும் நியூட்ரானும் போட்டியாளர்கள் என்ற எண்ணத்தை இதோடு விட்டுவிடு. நியூட்ரான் ஸ்பின்கள் எப்படி நிற்கின்றன என்று சொன்னது. எத்தனை விதம் என்று வெப்பம் சொன்னது. இரண்டும் இல்லாமல் அந்த வழக்குக்குத் தீர்ப்பு கிடைத்திருக்காது.

"இதனால் யாருக்கு என்ன பயன் என்று அம்மா கேட்கிறாள்" என்றும் எழுதியிருந்தாய். அண்ணியிடம் நான் சொன்னதாக இதைச் சொல். கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படி? கசிந்து ஆவியாகும் நீர் உள்ளே இருக்கும் நீரிடமிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. காந்தத்தாலும் அப்படிக் குளிர்விக்கலாம். புலத்தைக் கொடுத்துத் திருப்புத்திறன்களை ஒழுங்குபடுத்து. அப்போது வெளிவரும் வெப்பத்தை வெளியேற்று. வெளியோடு தொடர்பைத் துண்டித்துவிட்டுப் புலத்தைக் குறை. திருப்புத்திறன்கள் குழம்ப விரும்பும்; அதற்கு வேண்டிய ஆற்றலைப் படிகத்திடமிருந்தே எடுத்துக்கொள்ளும்; படிகம் குளிரும். இந்த யோசனை 1920களில் டிபைக்கும் ஜியோக்குக்கும் தனித்தனியே தோன்றியது. 1933-ல் ஜியோக்கும் மாக்டூகலும் கடோலினியம் சல்ஃபேட்டை வைத்து, 1.5 கெல்வினில் தொடங்கி 0.25 கெல்வினுக்கு இறங்கிக் காட்டினார்கள். பனிக்கட்டியின் கணக்கைத் துரத்திய அதே மனிதர்தான் காந்தத்தால் குளிர்விக்கவும் வழி கண்டார்; 1949-ல் வேதியியல் நோபல் அவருக்குக் கிடைத்தது.

சாதாரண உப்புகளில் திருப்புத்திறன்கள் ஒன்றையொன்று கவனிக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒழுங்குக்கு வந்துவிடும், குளிர்ச்சி அதோடு நின்றுவிடும். எனவே அவற்றை உப்பில் படிக நீரைக் கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றைத் தள்ளி வைப்பார்கள். அப்படிப்பட்ட உப்பு சூட்டையும் வெற்றிடத்தையும் தாங்காது. நீரை இழந்து கெட்டுப்போகும். திண்டாடும் காந்தத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. திருப்புத்திறன்கள் நெருக்கமாக, ஒன்றோடொன்று பலமாகப் பிணைந்திருந்தும் ஒழுங்குக்கு வராது. கடோலினியம் காலியம் கார்னெட்டை நெடுங்காலமாகக் குளிர்விப்புக்குப் பயன்படுத்துவதன் ரகசியமும் இதில்தான். 2003-ல் ஷிடோமிர்ஸ்கி இன்னொரு படி மேலே போனார். எல்லாத் திருப்புத்திறன்களையும் நேராக நிறுத்தும் நிறைவுப் புலத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியதும், எந்த ஆற்றலும் செலவில்லாமல் ஆடக்கூடிய சிறு சிறு ஸ்பின் கூட்டங்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. புலத்தைக் குறைத்துக்கொண்டே அந்த எல்லையைக் கடக்கும்போது வெப்பநிலை சரேலென்று விழும். சாதாரண உப்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக விழலாம் என்று அவர் கணக்கிட்டார். திண்டாட்டம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு குளிர்ச்சி.

அதற்குப் பிறகு வந்த பொருட்களைப் பார். 2021-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் குழு, இட்டெர்பியம் அயனிகள் முக்கோணத் தளத்தில் அமர்ந்த பொட்டாசியம் பேரியம் போரேட்டை வைத்து 22 மில்லிகெல்வினை எட்டியது. அதில் ஒரு சொட்டு படிக நீர் கிடையாது. 2024-ல் சீனக் குழு ஒன்று சோடியம் பேரியம் கோபால்ட் ஃபாஸ்பேட்டில் 94 மில்லிகெல்வின் வரை இறங்கியதை நேச்சரில் வெளியிட்டது. அங்கே கோபால்ட் அயனிகள் முக்கோணத் தளத்தில் ஸ்பின் சூப்பர்சாலிட் என்ற விசித்திர நிலைக்குப் போகின்றன என்பது அவர்கள் வாதம். இவ்வளவு கீழே இறங்க இன்று பெரும்பாலும் ஹீலியம்-3 வேண்டும். அது டிரிட்டியம் சிதைவதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கிடைப்பது. விலையும் அதிகம், தட்டுப்பாடும் அதிகம். குவாண்டம் கணினிக்கும் விண்வெளித் தொலைநோக்கியின் உணரிக்கும் குளிர் தேவைப்படும் காலத்தில், ஒரு காந்தச் சுருளும் ஒரு திண்டாடும் படிகமும் அந்த வேலையைச் செய்தால் ஏழை நாட்டு ஆய்வகங்களுக்கும் மில்லிகெல்வின் எட்டும். அந்தப் படிகத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? எந்தப் புலத்தில் எவ்வளவு என்ட்ரோபி என்று அளந்து வைத்தவர்கள்தான்.

இனி சில வேலை விஷயங்கள். அத்தையாக அல்லாமல் மூத்த சக ஊழியையாகச் சொல்கிறேன். படிகம் இல்லாத வெறும் மேடையை, பூசும் கிரீஸோடு சேர்த்து, ஒவ்வொரு புலத்திலும் தனித்தனியே அளந்து வைத்துக்கொள். வெப்பமானியின் மின்தடை புலத்தில் மாறும். அதைச் சுழிப் புல அளவுத்திருத்தத்தோடு நம்பி விடாதே. டிஸ்ப்ரோசியத்தின் திருப்புத்திறன் 10 போர் மேக்னட்டான். புலத்தில் படிகம் திரும்பப் பார்க்கும், ஒரு பாகை சாய்ந்தாலும் 111 திசையின் கதை மாறிவிடும், எனவே அதை அழுத்தமாகப் பிடித்து வை. துணுக்கின் வடிவத்தைப் பொறுத்து உள்ளே இருக்கும் புலம் வெளியில் கொடுத்ததைவிடக் குறையும். அதைக் கணக்கில் எடுத்த பிறகே மற்றவர்களின் படத்தோடு உன் படத்தை ஒப்பிடு. வெப்பநிலை இறங்கும் கோடு ஒரே வேகத்தில் இறங்குகிறதா, இரண்டு வேகத்திலா என்று கண்ணால் பார். மென்பொருள் தரும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. இரண்டாவது வேகம் சில சமயம் கிரீஸின் குறை, சில சமயம் ஸ்பின்களின் சோம்பல். எது என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கும் நேரத்தை மாற்றிப் பார். எல்லாவற்றுக்கும் மேலாக, காந்தமாக்கம் அளக்கும் தோழியிடம் அவள் எண்களைக் கேட்டு வாங்கு. புலத்தோடு என்ட்ரோபி மாறும் வீதமும், வெப்பநிலையோடு காந்தமாக்கம் மாறும் வீதமும் ஒன்றே என்று மேக்ஸ்வெல்லின் சமன்பாடு சொல்கிறது. இரண்டு பேரும் தனித்தனியே அளந்தது பொருந்தினால், உங்கள் இரண்டு பேரின் அளவீடும் சமநிலையில் நடந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

உயர்ந்த வெப்பநிலைக்குப் போகப் போக, புலம் எதுவானாலும், அடியில் இருந்த மீதத்தையும் சேர்த்துத் தொகை 5.76-ல் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எதையோ விட்டுவிட்டாய், அல்லது யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டாய். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் உன் ஆராய்ச்சி. இதற்குப் பொறுமை வேண்டும். அது உனக்குச் சின்ன வயதிலிருந்தே நிறைய உண்டு என்று எனக்குத் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள், இரவில் கருவி ஓடும்போது நீ தூங்கு. அப்பாவுக்கு வாரம் ஒருமுறை போன் செய். அவர் கேட்கமாட்டார், ஆனால் காத்திருப்பார்.

அடுத்த வளைகோட்டில் கணக்கு எங்காவது இடித்தால், அதைச் சரிப்படுத்துவதற்கு முன்பு எனக்கு அனுப்பு. எதையும் கழிக்காமல், மழுங்கடிக்காமல், கருவி கொடுத்தபடியே அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை